உரக்க வாசித்தவளுக்குக் கணக்கு

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் பேரனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் பென்சில் மரமும் புதுத் தகரமும் கலந்த ஒரு வாசனை. அவ்வளவுதான், நூர்ஜஹான் ஞாபகம் வந்துவிட்டது.

நாலாவது பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பெரிய கடைவீதியில் அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கோரைப்பாய்க் கடை. நான் பொன்மலை ரயில்வே காலனி. ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கு? அதை ஏன் கேட்கிறீர்கள்!

அவள் அப்படியே நேர்மாறு. புத்தகத்தில் இங்கிலீஷில் இருக்கும் கணக்கை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். “எப்படிடீ?” என்றால், “தெரியலைடீ, கண்ணுக்குத் தெரியுது” என்பாள்.

அப்போது காம்போசிட் மாத்ஸ் என்று பெரிய கணக்குப் பாடம் ஒன்று உண்டு. அதை எடுத்தால்தான் காலேஜில் கணக்குப் படிக்கலாம். “அது கெடச்சா காலேஜுக்கு அனுப்புறேன்னு அத்தா சொல்லிட்டாங்கடீ” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

எங்கள் பள்ளியில் அதற்கு ஆள் எடுத்த விதம் இருக்கிறதே! ஒரு கணக்கை இங்கிலீஷில் உரக்க வாசித்து, அது என்ன கேட்கிறது என்று இங்கிலீஷிலேயே சொல்ல வேண்டும். போட்டுக் காட்டச் சொல்லமாட்டார்கள். புரிந்தவளுக்குப் போட வராதா என்பது டீச்சரின் நம்பிக்கை.

நான் கடகடவென்று வாசித்தேன், எடுத்துக்கொண்டார்கள். நூர்ஜஹான் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“தமிழ்ல சொல்லுங்க டீச்சர், உடனே போட்டுடுவா.”

“தமிழ்ல கணக்குப் போட இது என்ன மளிகைக் கடையாம்மா?”

வகுப்பே சிரித்தது. அவளைத் தையல் பிரிவில் போட்டார்கள். சாயங்காலம் வாசலில், “அத்தாகிட்ட என்னடீ சொல்லுவே?” என்று கேட்டேன்.

“எனக்குக் கணக்கு வரலையாம்னு சொல்லணும்.”



பள்ளி முடிகிறவரை மத்தியானச் சாப்பாட்டு மணியில் அவள்தான் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே நான் கேள்வியைத் தமிழில் சொல்வேன். அவள் மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டுவாள், மணி அடித்ததும் காலால் அழித்துவிடுவாள். அந்த மார்க்கில்தான் நான் காலேஜுக்குப் போனேன், பிறகு வேலைக்கும் போனேன். அவள் படிப்பு பள்ளியோடு நின்றது.

பள்ளி இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. அந்தப் பாடமும் போய்விட்டது. நூர்ஜஹான் எங்கே இருக்கிறாளோ, தெரியவில்லை. காம்போசிட் மாத்ஸில் நான் கெட்டிக்காரி என்று மட்டும் என் சர்டிபிகேட் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.