அப்பாவின் முதுகில் ஒரு நாற்காலி

வேப்பெண்ணெய் சோப்பும் ஈரத்துண்டும் கலந்த ஒரு வாசனை... விடியற்காலையில் அப்பாவின் முதுகுப் பக்கம் அதுதான் இருக்கும். முகம் தெரியாது. நானும் அவரும் முதுகோடு முதுகாக இருப்போம்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது கொஞ்ச நாள் நான் தினமும் நாற்காலியில் சவாரி போனேன். பழைய பிளாஸ்டிக் நாற்காலி. கால்களை அறுத்துவிட்டு, பின்னால் அகலமான பட்டை கோத்து, புத்தகப்பை மாதிரி அப்பா தோளில் மாட்டிக்கொள்வார்.

அவர் படியேற ஏற, எல்லாம் என்னை விட்டுக் கீழே போகும். தென்னை மட்டை, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வெறும் வானம்... பாதித் தூக்கத்தில், படிக்கட்டில் போகிறோம் என்பதே மறந்துவிடும்.

அப்பாவுக்கு சேதராப்பட்டில் ஃபாக்டரி வேலை. கம்பெனி பஸ் வருவதற்குள் உடற்பயிற்சியை முடித்து, எனக்கு இரட்டைச் சடை போட்டு, அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார். ஞாயிறு என்றால் சாக்கடை அடைப்பு எடுப்பது, மொட்டைமாடித் தொட்டி கழுவுவது.

"உங்க ஒடம்புல பாதிய இந்த பில்டிங்குக்கே எழுதி வச்சிட்டீங்க" என்பார் அம்மா.

நாற்காலி, மல்லிகா அத்தைக்காகச் செய்தது. சொந்த அத்தை இல்லை. மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார், பெரிய மார்க்கெட்டில் பூ விற்றவர். பக்கவாதத்தில் ஒரு கால் விழுந்த பிறகு கீழே இறங்கவே இல்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போகாவிட்டால் கால் அப்படியே இறுகிவிடுமாம். நான் தூக்கிப் போகிறேன் என்றார் அப்பா.

"போடா. ஒரு ஆம்பள என்னத் தூக்கிக்கினு எறங்குறத நாலு பேரு பாக்கணுமா? அதுக்கு நான் இங்கியே கெடக்குறேன்."

அப்பா வற்புறுத்தவில்லை. என்னை நாற்காலியில் வைத்து, அத்தை வாசல் வழியாகத் தினமும் ஏறி இறங்க ஆரம்பித்தார். என் எடை போதாதென்று என் மடியில் ஒரு அரிசி மூட்டை வேறு.

"இன்னாடா கதிரு, மவளையும் அரிசியையும் சேத்து விக்கப் போறியா?" கட்டிலில் இருந்தபடியே அத்தை கேட்பார்.

"நீயே வெல சொல்லுக்கா."

ஒருநாள் அத்தை என்னைக் கேட்டார்: "பயமா இல்லியாடி?"

"இல்லத்த. தூக்கந்தான் வருது."

 அத்தை அப்பாவிடம் திரும்பி, "நாளைக்கு இந்தப் பொண்ணத் தூங்க வுடு. நான் வரேன்" என்றார்.

அன்று சாயந்திரம் அப்பா வீடு வீடாகப் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. நாற்காலியில் அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு எதிரே, படி படியாக இறங்கி வந்தேன். இரண்டாம் மாடி தாண்டியதும் கண் திறந்தார்.

"இன்னாடா இது... பில்டிங்கே காலியா? எத்தினி மாசம் கழிச்சி எறங்குறேன், ஒருத்தியும் எட்டிப் பாக்கல?"

அப்பா சிரித்ததில் அத்தையும் சேர்ந்து குலுங்கினார். ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

இப்போது நான் ப்ளஸ் ஒன். அப்பா காய்ச்சல் என்று படுத்து, எழுந்திருக்காமலே போய் இரண்டு வருடமாகிறது. உடம்பை அவ்வளவு பார்த்துக்கொண்ட மனிதர்...

அத்தை சமதரையில் தடி ஊன்றி நடக்கிறார். படி மட்டும் முடியாது. ஆஸ்பத்திரி நாட்களில் அம்மாவும், பக்கத்து வீட்டு அக்காக்கள் இருவரும், நானும் சேர்ந்து அதே நாற்காலியில் வைத்து இறக்குகிறோம்.

அப்பா நடுவில் எங்கேயும் இறக்கி வைத்ததில்லை. எங்களால் அப்படி முடியாது. மாடிக்கு மாடி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குகிறோம். வைக்கும்போதெல்லாம் யாராவது அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்கிறார்கள். எனக்குத் தெரியாதது ஏதாவது.

கீழே போய்ச் சேர ரொம்ப நேரமாகிறது.

ஆகட்டும் என்றுதான் இருக்கிறது எனக்கு.