நட்டின் மேல் மஞ்சள் கோடு

பட்டாளத்தில் நான் வண்டி மெக்கானிக். சக்கரத்தின் நட்டை இறுக்கி முடித்ததும் அதன் மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்போம். கோட்டைப் பார்த்தால் டிரைவர் நம்பி வண்டியை எடுப்பான்.

ஆப்பிரிக்காவில் அமைதிப்படையோடு இருந்தபோது, ஒரு மத்தியானம் பசி அவசரத்தில் ஒரு லாரிச் சக்கரத்துக்கு முதலில் கோட்டைப் போட்டுவிட்டேன். சாப்பிட்டு வந்து இறுக்கலாம் என்று போனவன் மறந்தே போனேன். வழியில் சக்கரம் கழன்று லாரி கவிழ்ந்தது. டிரைவரின் கால் முறிந்தது. விசாரணையில், கழன்று கிடந்த நட்டிலிருந்த என் கோட்டையே காட்டி, "அவன் கண்மண் தெரியாமல் ஓட்டினான்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த டிரைவர் விழிஞ்ஞத்துக்காரன். போன மாதம் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு, காலை இழுத்து இழுத்து நடந்து வலியசாலையில் என் வீட்டுக்கு வந்தான்.

"சாரே, அன்னைக்கு நான் வேகமாத்தான் போயிருப்பேன். என்னால சாரையும் விசாரணையில நிக்க வச்சாங்க. மன்னிக்கணும் கேட்டோ," என்றான் மலையாளம் கலந்த தமிழில். பிறகு என் மனைவியிடம், "சாரோட கோடு இருந்தா நான் நட்டைத் தொட்டுகூடப் பாக்கமாட்டேன், அம்மா," என்றான்.

அவள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"காப்பி ஆறுது, குடி," என்றேன்.