கைமாறிய கம்பெனி

குடவாசலுக்குத் தள்ளிக்கொண்டு போன என் பைக்கை மெக்கானிக் பார்த்தார். "கம்பெனி கைமாறிடுச்சுண்ணே. பழைய வண்டிக்கு இனிமே பார்ட்ஸ் வராதாம்."

கைமாறிடுச்சு. சின்ன வயதில் அந்தச் சொல்லைப் புதுத்தண்ணீர் பாய்ந்த சேற்று வாசனையோடு கேட்டிருக்கிறேன். அப்பா குத்தகைக்குச் செய்த வயலை அதன் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் வந்து நின்றபோது அப்பா வரப்புக்குச் சேறு பூசிக்கொண்டிருந்தார்.

"குத்தகை நெல்லை இனிமே உங்களுக்கு அளக்கணுங்களா?"

"வேணாம். நாங்களே பயிர் வச்சுக்கறோம்."

"சரிங்க" என்ற அப்பா, மீதி வரப்பையும் பூசி முடித்துவிட்டுத்தான் கரையேறினார்.

நான் துண்டை எடுத்து பைக்கின் டேங்கைத் துடைத்தேன்.

"ஓடாத வண்டியை எதுக்குண்ணே துடைக்கிறீங்க?"

"சேறா இருக்குல்ல தம்பி."