இறங்குதுறைக்குப் போகும் ஒழுங்கை

அவர் எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்த வரைபடம் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறியது. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் சுவிசில், அட்லிஸ்வில்லில், என் வீடு தேடி வந்து, வைத்த தேநீரை ஓரமாக நகர்த்திவிட்டு, நாட்காட்டித் தாளை விரித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கு அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கும் எங்கள் சிறு தீவுக்கும் அவர்தான் எம்.பி. அதற்கு முன்னர் அங்கே கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்தவர். ஊரில் அவரை எம்.பி. அண்ணை என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

சுவிசுக்கு வரும் அரசியல்வாதிகளின் முறை எங்களுக்குத் தெரியும். மண்டபம், மாலை, படம், கடைசியில் உண்டியல். இவர் மண்டபம் வேண்டாம் என்றார், மாலை வேண்டாம் என்றார், உதவி என்ற சொல்லையே எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவருக்கு வேண்டியது என் காணியில் ஒரு கீலம். ஊர்மனையிலிருந்து இறங்குதுறைக்குப் போகும் ஒழுங்கையை உழவு இயந்திரம் போகும் அகலத்துக்கு வெட்டிக் கொங்கிரீட் போட வேண்டும். ஒரு பக்கம் சதுப்பு. மற்றப் பக்கத்தில் கடலுக்கு முன் கடைசியாகக் கிடப்பது அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த காணி. நான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி சீதனக் காணி என்றாலும் புருஷன் கையெழுத்தும் வேண்டும்.

"வருத்தக்காரரைக் கதிரையில வைச்சுத் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு ஓடுற ஊரில, ஆர், தங்கச்சி, பிள்ளை பெற நிப்பினம்?" என்றார். "றோட்டு வரட்டும். ஐஸ் பெட்டியோட லொறி துறையடிக்கு வரும், மீனுக்கு விலை வரும். சனம் நிக்கும்."

நல்ல பேச்சு. நல்ல பேச்சைக் கேட்டு நாங்கள் பட்டது கொஞ்சமில்லை. அதோடு, ஜன்னல் சட்டத்தின் நிறத்தை மாற்றவே கெமைண்டே என்ற ஊராட்சிக் கந்தோரில் விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாட்டில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். நில அளவைப் படம் எங்கே, எத்தனை அடி, பிறகு இன்னும் இரண்டு அடி கேட்கமாட்டார்கள் என்று யார் எழுதித் தருவது என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் சளைக்காமல் பதில் சொன்னார். அவ்வளவு பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை. என் கணவர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, "உம்மட காணி, நீர் சொல்லும். நீர் வைச்சா நானும் வைக்கிறன்" என்றார். அவர் அப்படித்தான், யாரையும் நம்புவார்.

அன்று மாலை யாழ்ப்பாணத்தில் இருக்கும் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் தீவுக்குப் போயே பல வருடம். ஆனாலும் ஊர்க்கதை முழுக்க அவளிடம் இருக்கும். "எடியே, அவற்ற தங்கச்சியின்ர வளவும் அந்த ஒழுங்கையிலதான் கிடக்கு" என்றாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை! மறுநாள் வெள்ளிக்கிழமை. முருகன் கோயிலில் பூசை முடிந்து பிரசாதம் வாங்குவதற்குள் நாலு பேருக்குச் சொல்லிவிட்டேன். அந்த நாலு பேரும் ஊருக்குத் தொலைபேசி எடுக்கிறவர்கள்.

சனிக்கிழமை காலை அவர் பதில் கேட்டு வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "தங்கச்சியின்ர காணிக்கு விலை ஏத்த என்ர காணியைக் கேக்கிறியள், என்ன அண்ணை?" என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி. காணி உங்கட. பாடன் ரவுணுக்கு எத்தினை மணிக்கு றெயின்?" என்றார், அவ்வளவுதான். மறுத்துச் சொல்ல வாயில்லாத கள்ளன் என்று அந்தப் பதிலுக்கு நானே பொருள் எழுதிக்கொண்டேன். இந்த நாட்டில் எதற்கும் சனத்திடம் வாக்குக் கேட்பார்கள்; அந்த வாரமும் தபாலில் வாக்களிப்பு உறை வந்திருந்தது. மலைக்கு மேலே நான் கால் வைத்தேயிராத ஒரு கிராமத்துக்குப் புதுப் பாதை போடலாமா என்று ஒரு கேள்வி. அதே மேசையில் இருந்து, ஒரு படமும் பார்க்காமல், ஆம் என்று எழுதி அனுப்பினேன். பாவம், பனிக்காலத்தில் அந்தச் சனம் என்ன செய்யும் என்று இரங்கியதும் ஞாபகமிருக்கிறது.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். கோயிலடிக் கதை தீவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே கையும் காலும் முளைத்து நடந்தது என்று மச்சாள் சொன்னாள். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன கோடையில்தான் ஊருக்குப் போனேன். வள்ளத்தால் இறங்கி என் காணியின் கம்பி வேலியோரம் ஒற்றைத்தடத்தில் நடந்தேன். வேலி முடிந்த இடத்தில் அகலமான கொங்கிரீட் வீதி தொடங்கி ஊருக்குள் போனது. பதவியில் இருந்த காலத்தில் அவர் போட்டது அவ்வளவு. அவருடைய தங்கச்சியின் வளவைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வேலி கிணற்றுக்கட்டு வரை உள்ளே தள்ளியிருந்தது. வீதியோரம் மூன்று தென்னங்குற்றிகள். "மற்றவையைக் கேக்க முதல் என்ர காணியிலதான் அண்ணை வெட்டினவர். காய்க்கிற மரங்கள்" என்றார் அந்தப் பெண், கோபமில்லாமல். இதைச் சொல்ல அந்த மனிதருக்கு என் வீட்டில் ஒரு வசனம் போதுமாக இருந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அவர் முழுக்க நல்லவர் என்று சத்தியம் பண்ண இப்போதும் மாட்டேன். ஆனால் என் வேலியைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பிரதேச செயலகத்தில் அந்தத் திட்டக் கோவையை மூடிவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதத்தை வாங்கிய உத்தியோகத்தர், இத்தனை வருடத்துக்குப் பிறகு இப்போது எதற்கு என்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எம்.பி. அண்ணை இப்போது மன்னாரில் மகளோடு இருக்கிறாராம். தொலைபேசி எடுத்துப் பார்த்தேன், அவர் எடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரைப் பிடித்து வேலியைப் பிடுங்கினேன். உழவு இயந்திரம் தாராளமாகப் போகும் அகலத்துக்கு நிலத்தைச் சமப்படுத்தியும் விட்டேன்.

மூன்றாம் நாள் காலை வள்ளத்துக்குக் காத்து நின்றேன். கொங்கிரீட் முடியும் இடத்தில் ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. பின்னால் கொளுவிய பெட்டிக்குள் மூச்சிழுத்தபடி ஒரு கிழவர், பக்கத்தில் எம்.பி. அண்ணையின் தங்கச்சி; கிழவர் அவருடைய மாமனார். நாலு ஆண்கள் அவரை இறக்கிப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினார்கள். நான் ஓடினேன்.

"தங்கச்சி, ஏன் இறக்கிறியள்? உள்ளால விடச் சொல்லுங்கோ. வேலி இல்லை!"

அந்தப் பெண் என் காணியைப் பார்த்தார், பிறகு என்னை.

"வேண்டாம் அக்கா. உங்கட காணி. நீங்கள் சுவிசுக்குப் போனாப் பிறகு திரும்பவும் எங்களுக்குத்தான் கதை வரும்."

நாலு பேரும் தோளோடு தோள் உரச, இல்லாத வேலியை விலத்தி, ஒற்றைத்தடத்தாலேயே கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.