கிருமிக்குப் பழகிப்போன குளிசை

யுத்தம் முடிய இரண்டு மூன்று வருடங்கள் இருந்த காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி, விடிகாலையில் சுற்றிவளைப்பு, எங்கேயாவது குண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "பழகிப்போச்சு."

அவர் சாப்பிடுவது கடைச் சோறு. வயிறு அடிக்கடி இளகும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டியே பொழுது போய்விடும். அதனால் சந்தி மருந்துக் கடையில் நின்று, "மல்லி, படட்ட பெத்தி தெகக்" என்று சிங்களத்தில் கேட்பார். தம்பி, வயிற்றுக்கு இரண்டு குளிசை. டொக்டர் எழுதின துண்டு கேட்க மாட்டார்கள். போட்டால் வாயெல்லாம் செம்பை நக்கின மாதிரி ருசிக்கும். வயிறு இறுகியதும் விட்டுவிடுவார். ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இதுதான் வைத்தியம்.

பிறகு அவருக்கு நெஞ்சுக்குக் கீழே எரிவு தொடங்கியது. ஆள் பாதியானார். ஆஸ்பத்திரியில் வாய்க்குள்ளால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதை ஆறவிடாமல் ஒரு கிருமி. கிருமி செத்தால் புண் ஆறும், சாகாவிட்டால் புண் வெடித்து இரத்தம் போகும் என்றார்கள். குளிசைகள் தந்தார்கள். முதல் வேளை விழுங்கியதுமே அவர் சிரித்தார்.

"இஞ்ச பாரு, அதே செம்பு ருசி. இதுல ஒண்டு நம்ம பழைய ஆள்தான்."

"பழைய ஆளெண்டா நல்லதுதானே, வீடு தெரியும்" என்றேன்.

ஒரு வேளை தவறாமல் கொடுத்து முடித்தேன். எரிவு போகவில்லை. திரும்பவும் சோதித்தார்கள். கிருமி அப்படியே இருந்தது. டொக்டர் ஒரு சிங்களப் பெண், என் மகள் வயது இருக்கும். "புருது வெலா" என்றார். எனக்குச் சுரீர் என்றது. புருது என்றால் பழக்கம். எங்கள் பக்கத்தில் ஓர் ஆம்பிளைக்குப் பழக்கம் என்றால் அது குடிதான். துறைமுகத்து ஆள் என்றதும் குடிகாரன் என்று நினைத்துவிட்டாரே என்று எழும்பி நின்றேன். என் மனுசன் கலியாணத்தன்றுகூட ஒரு சொட்டுத் தொட்டவரில்லை, நோனா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

டொக்டர் கோபிக்கவில்லை. "இருங்க அம்மா" என்றார், இழுத்து இழுத்துத் தமிழில். "ஐயாவுக்கு இல்ல. கிருமிக்கு. மருந்து பழகிட்டுது. இந்தக் குளிசை முந்திப் போட்டிருக்கிறாரா?"

"வயிறு இளகினா ரெண்டு போடுவன், டொக்டர்" என்றார் இவர். "சுகம் வந்தா நிப்பாட்டுவன்."

"அதுதான். கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா அது சாகாது. படிச்சிரும்."

"நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவன். என்ட வயித்துக்குள்ள இருக்கிறது படிச்சிட்டுது பாரு" என்று இவர் என்னைப் பார்த்துப் பகிடி விட்டார். டொக்டர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் வேறு மருந்து எழுதினார்.

அந்த மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. கடை கடையாகத் தேடி வாங்கினோம். அது பாதியில் இருக்கும்போதே ஒரு மத்தியானம் அவர் கோப்பித்தூள் நிறத்தில் சத்தி எடுத்தார். பிறகு சிவப்பாக. முச்சக்கர வண்டியில் ஏற்றினேன். அன்று எங்கோ குண்டு வெடித்துப் பாதையை மூடியிருந்தார்கள். வரிசை அசையவில்லை. ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்தார், சட்டையில் இரத்தத்தைக் கண்டதும் குண்டில் காயப்பட்டவர் என்று நினைத்து வழிவிட்டார். அதற்குள் இவர் கை குளிர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலைக் கண்டவர் திரும்ப வீட்டைக் காணவில்லை.

நாங்கள் குண்டுக்குப் பழகிக்கொண்டிருந்த அதே வருடங்களில், அவருடைய வயிற்றுக்குள் அந்தக் கிருமியும் சத்தமில்லாமல் மருந்துக்குப் பழகிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது சாவடிகள் இல்லை. மருந்துக் கடை இருக்கிறது. துண்டில்லாமல் குளிசை கேட்பவர்களும் இருக்கிறார்கள். கண்டால் நான் வாயை மூடிக்கொண்டு போவதில்லை. அவர் இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எதையாவது சொல்வேன், பழகிப்போச்சு என்று மட்டும் இந்த வாயால் சொல்ல மாட்டேன்.