காரணம் சொல்லாத கொடி

என் படுக்கையறைக் கதவின் பின்னால், குடையும் கோயிலுக்குக் கொண்டுபோகும் பையும் தொங்கும் அதே ஆணியில், முழக் குச்சியொன்றில் சுருட்டிய சிவப்புத் துணியும் தொங்குகிறது. சிவப்பு என்று நான்தான் சொல்கிறேன். நிறம் போய், வெற்றிலை போட்ட வாயைத் துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வருகிற பழைய மாணவர்கள் அதைக் கண்டுவிட்டு, "ரீச்சர் மேதின ஊர்வலத்துக்கும் போறவவோ" என்று கிண்டல் செய்வார்கள். நான் சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்றப் போய்விடுவேன். அது கோச்சிக் கொடி. கோச்சி என்றால் எங்கள் பக்கத்தில் ரயில். அதைத் தந்தவர் எங்கள் ஊர் ரயில்பாதைக் கங்காணியார். தந்தது, மழை விட்டிருந்த ஒரு மார்கழிப் பின்னேரம்.

ஏறாவூருக்கு வடக்கே இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரத்துப் பாதை அவருடைய பொறுப்பில் இருந்தது. ஒரு சுத்தியலும் இரண்டு கொடிகளும் கையில் எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் அந்த இரண்டு கட்டையையும் நடந்து பார்ப்பது அவர் வேலை. எந்த ஆணி கழன்றது, எந்தச் சிலிப்பர் கட்டை உக்கியது என்று பார்த்து வருவார். சண்டை மூண்டதும் கோச்சி இந்தப் பக்கம் வருவது நின்றது. பிறகு தண்டவாளம் போனது, சிலிப்பர் கட்டைகள் போயின. ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கத்தாருக்கும் பங்கர் கட்ட இரும்பும் மரமும் தேவைப்பட்டன. கடைசியில் மிஞ்சியது கல்லும் நாயுண்ணிப் பற்றையும் நிறைந்த ஒரு மேடு மட்டும். கங்காணியார் அதையும் நடந்து பார்த்தார். "என்ன கங்காணியார், கோச்சி வருகுதோ" என்று தேநீர்க்கடையில் கேட்பார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கொஞ்சம் பிந்தித்தான் வருது" என்பார். சிரிக்கவே மாட்டார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பள்ளிக்கூடம் பாதையின் வடக்கு முனையில் இருந்தது. மெயின் றோட்டால் போனால் சென்றி, ஆமிக்காரரின் காவலரண். சைக்கிளில் இருந்து இறங்கி, பையைத் திறந்து, பெயர் சொல்லி, திரும்பக் கட்டி ஏற வேண்டும். வயல் வட்டைக்குள்ளால் போனால் மாரிகாலத்தில் முழங்காலளவு தண்ணீர். பிள்ளைப்பேற்று நோவோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஒருத்தியைச் சென்றியில் இறக்கி ஏற்றியதில், அவள் மாட்டு வண்டியிலேயே பெற்றுவிட்டாள். குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கோயிலடியில் ஊர் கூடியது. கோச்சிப் பாதையைத் துப்புரவாக்கி எல்லோரும் போகிற பாதையாக்கினால் என்ன என்று எழுந்து கேட்டவள் நான். எல்லோரும் கங்காணியாரைப் பார்த்தார்கள்.

"திறக்கிறது பெரிய வேலை இல்ல ரீச்சர்," என்றார் அவர். "மறுகா ஒவ்வொரு நாளும் ஆர் அதுக்குப் பொறுப்பு?"

ஒருவரும் முன்வராததால் அவரே பொறுப்பானார். இரண்டு மாதம் சிரமதானம் நடந்தது. பற்றை வெட்டி, சல்லிக் கற்களைக் கூடையில் கைமாற்றி இரு ஓரத்திலும் வரிசையாகக் குவித்து, நடுவில் ஆற்று மணல் பரப்பினோம். பாலத்தில் சிலிப்பர் இருந்த இடத்துக்குத் தென்னங்குற்றி போட்டோம். அந்தப் பாதை அழகாக இருந்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. விறகுக்காரரும் தயிர்ச் சட்டி கட்டிய சைக்கிள்களும், காத்தான்குடியில் இருந்து வரும், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் புடவை வியாபாரியும், என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதில் போனார்கள். நோயாளிகளைக் கதிரையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். பின்னேரத்தில் சும்மா காற்று வாங்கவும் ஆட்கள் வந்தார்கள். இளவட்டங்கள் சைக்கிள் ஓட்டப் போட்டி வைத்தார்கள். ஊரெல்லாம் பயத்தில் கதவடைத்துக் கிடந்த காலத்தில், மேட்டில் ஏறினால் வாவிப் பக்கத்துக் காற்று முகத்தில் அடிக்கும். நாலு பேர் சிரிப்பதும் காதில் விழும்.

ஆனால் பொழுதுபட முன்னம் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். அது கங்காணியாரின் கட்டளை. ஆட்கள் இறங்கியதும் அவர் தன் சைக்கிளின் பின்னால் ஒரு பெரிய ஈச்சங்கொப்பைக் கயிற்றில் கட்டுவார். போகும்போது பாதையின் ஒரு பாதி, வரும்போது மறுபாதி என்று இழுத்துக்கொண்டே வருவார். அன்றைக்கு முழுவதும் பதிந்த காலும் சில்லும் அழிந்து, மணல் வாசலில் கூட்டிவிட்ட மாதிரிக் கிடக்கும். விடியற்காலையில் வெறுங்காலோடு ஓரமாக நடந்து அந்த மணலைப் பார்ப்பார். இரவில் ஆராவது ஏறியிருந்தால், தோண்டியிருந்தால், மூடியிருந்தால் மணல் காட்டிவிடும். ஒன்றுமில்லை என்றால், கடவையடியில் அவர் குடியிருந்த ரயில்வே கேற் வீட்டுக் கம்பத்தில் பச்சைக் கொடி ஏறும். அதன் பிறகுதான் பிள்ளைகள் பாதையில் கால் வைப்பார்கள். மழை பெய்து மணல் கழுவப்பட்ட காலைகளில் எந்தக் கொடியும் ஏறாது. கொடி இல்லையென்றால் அவருக்குத் தெரியாது என்று பொருள். தெரியாத பாதையில் ஆரும் போகக்கூடாது.

சிவப்பு ஏறியது நான் அறிய மூன்று தடவைதான். முதல் தடவை பாலத்தடியில் மண் அரித்திருந்தது. இரண்டாம் தடவை பற்றைக்குள் யானை நின்றது. இரண்டு நாளும் ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரே பதில்தான் சொன்னார்: "வேலை நடக்குது." புடவை வியாபாரி விடாமல் கேட்டபோது கோபம் வந்துவிட்டது. "கோச்சி றைவர் சிவப்பைக் கண்டா நிப்பாட்டுவான். ஏனெண்டு இறங்கி வந்து கேட்க மாட்டான். கொடிக்குக் காரணம் சொல்லுறதில்ல, காக்கா. அது எங்கட சட்டம்." அந்தச் சட்டத்தை நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கேலி செய்தோம். அது வெறும் ரயில்வேப் பழக்கம் இல்லை என்பதும், ஒரு காலத்துக்கு ஏற்ற தந்திரம் என்பதும் எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. காரணம் சொல்லாதவரை அது அரிப்பாகவும் இருக்கலாம், யானையாகவும் இருக்கலாம். சொன்னால், சொன்னவர் எந்தப் பக்கம் என்ற கேள்வி வரும்.

மூன்றாம் தடவை சாதாரண தரப் பரீட்சை நாள். நான் மண்டப மேற்பார்வைக்குப் போக வேண்டும். மழை இல்லாத காலை. கம்பத்தில் சிவப்பு. "வேலை நடக்குது" என்றார் கங்காணியார், என் முகத்தைப் பார்க்காமல். பாக்கு வைக்க மறந்து வெற்றிலையை வெறுமனே மடித்தார். அரிப்பும் இல்லை, யானையும் இல்லை என்று அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆமிக்காரர்கள் இடைக்கிடை வட்டையைக் கடந்து பாலத்தடியில் பாதையில் ஏறி ரோந்து போவார்கள். அங்கிருந்து கம்பத்துக் கொடி அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. பாதையில் வருகிற எல்லோருக்கும் அது தெரிய வேண்டுமா என்று நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. பேசாமல் விட்டதற்காக எங்களை நல்லவர்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது.

மெயின் றோட்டால் மிதித்தேன். சென்றியில் நின்றவன் முகம் தெரிந்த சின்ன வயதுச் சிப்பாய். தங்கைக்கும் அன்றைக்குப் பரீட்சை என்று முந்திய வாரம் சொல்லியிருந்தான். பையைத் திறக்கச் சொல்லவில்லை. "ரீச்சர், இன்னைக்கி ஏன் இந்தப் பக்கம்?" என்று தெரிந்த தமிழில் கேட்டான், சிரித்துக்கொண்டு. எனக்கு நேரம் பிந்திவிட்ட பதற்றம். அன்பாகக் கேட்ட ஒருவனுக்கு அன்பாகப் பதில் சொல்லும் பழக்கம் வேறு.

"அங்க சிவப்புக் கொடி போட்டிரிக்கு," என்றேன்.

மழை பெய்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவன் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. போகச் சொன்னான். பத்தரை மணியளவில், பிள்ளைகள் கணித வினாத்தாளில் குனிந்திருந்தபோது, பாலத்துப் பக்கம் ஒரே ஒரு சத்தம் கேட்டது. பேனாக்கள் எல்லாம் நின்றன. ஓட்டில் இருந்து தூசி கொட்டியது. வேறு சத்தம் வராததால் பிள்ளைகள் மறுபடி எழுதத் தொடங்கினார்கள். ஆமி வந்து தேடி, புதைத்திருந்த கண்ணிவெடியைக் கண்டுபிடித்து வெடிக்க வைத்தது, ஒருவருக்கும் காயமில்லை என்று மதியம் செய்தி வந்தது. அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பெருமையாக இருந்தது. ஒரு வசனத்தில் எத்தனை உயிரைக் காப்பாற்றினேன் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம் கேற் வீட்டுக்குப் போனேன். கங்காணியார் ஈச்சங்கொப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"ஆரிட்டயும் ஏதும் சொன்னீங்களா ரீச்சர்?"

சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று எனக்கே கேட்டது. கங்காணியாருக்குத் தெரிந்திருந்தும் தங்களுக்குச் சொல்லவில்லை என்று ஒரு பக்கம் நினைக்கும். கங்காணியாரால்தான் வெளிவந்தது என்று மற்றப் பக்கம் நினைக்கும். என் ஒரு வசனம் இரண்டு பக்கத்துக்கும் காரணம் கொடுத்துவிட்டது. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் இத்தனை வருடம் அதைப் பிடித்துக்கொண்டாவது இருந்திருப்பேன். முடிச்சை இறுக்கிவிட்டு உள்ளே போனார். சிவப்புக் கொடியைச் சுருட்டி எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"இத உங்கட வீட்டில வைங்க. நாளைக்கு விடிய வெள்ளாப்பில வந்து கம்பத்தப் பாருங்க. ஒண்டும் தொங்காட்டி, பிள்ளையள மெயின் றோட்டால கூட்டிப் போங்க."

"எங்கயாவது போயிருங்களன் கங்காணியார், கொஞ்ச நாளைக்கு," என்றேன்.

"பாதைய ஆர் பார்க்கிற?" என்று கேட்டுவிட்டு சைக்கிளில் ஏறினார். ஈச்சங்கொப்பு மணலில் உரசிக்கொண்டு போகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

மறுநாள் மழை இல்லை. கம்பத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் புத்தகப் பையோடு கேற் வீட்டடியில் நின்றார்கள். பெரியவர்களும் நின்றார்கள். கங்காணியாரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதையில் ஏறினார். கூட்டிவிட்ட மணலில் கங்காணியாரின் வெறுங்கால் தடம் ஓரமாகப் போயிருந்தது. அக்கா அந்தத் தடங்களுக்குள்ளேயே தன் காலை வைத்து நடந்தார். கணவர் மிதித்த இடத்தில் ஆபத்து இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். நான் பின்னால் அதே தடங்களில் போனேன். பாலத்துக்கு இப்பால் வேறு இரண்டு பேரின் தடங்கள் சரிவில் இருந்து ஏறி வந்திருந்தன. ஓரிடத்தில் மூன்று பேர் நின்று மணல் குழம்பியிருந்தது. பிறகு மூன்று தடமும் வட்டைப் பக்கம் இறங்கின. அதற்கு அப்பால் தண்ணீர். திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. அவை ஆமிச் சப்பாத்தா, இயக்கத்துச் செருப்பா என்று பின்னர் எத்தனையோ பேர் என்னைக் கேட்டார்கள். நான் சொன்னதில்லை. இங்கும் சொல்லப்போவதில்லை. அன்று மதியம் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டது.

ஒரு வாரத்தில் பாதையை நாயுண்ணி எட்டிப் பார்க்கத் தொடங்கியது. அடுத்த மாரிக்குள் மூடிவிட்டது. பார்க்க ஆள் இல்லாத பாதையில் ஆரும் ஏறவில்லை.

பல வருடம் கழித்து, காணாமற்போனவர்களுக்கான படிவத்தோடு அக்கா என்னிடம் வந்தார். "உங்கட எழுத்து வடிவா இரிக்கும், நீங்களே எழுதுங்க ரீச்சர்," என்றார். பெயர், வயது, தொழில், கடைசியாகக் கண்ட இடம். அதற்குக் கீழே ஒரு கோடு: காணாமற்போனதற்கான காரணம். பேனா அந்த இடத்தில் நின்றது. அக்கா எதிரே இருந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று எழுதினேன். வடிவான எழுத்தில் எழுதினேன்.

சண்டை ஓய்ந்து இப்போது அந்த மேட்டில் மறுபடியும் தண்டவாளம். எங்கள் மணல் எல்லாம் புதுக் கல்லுக்குக் கீழே போய்விட்டது. போன ஆவணியில், ஓய்வு பெற்ற மறுவாரம், குச்சியோடு கொடியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் பாடமாக்கினேன். அக்கா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கொடியைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு வந்து, துணியின் ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

"சிவப்ப ரீச்சரிட்டக் குடுத்திட்டன், ஏனெண்டு அவவக் கேட்காத எண்டு அண்டு பின்னேரமே அவர் எனக்குச் சொன்னவர்," என்றார்.

"அப்ப, படிவம் நிரப்ப வரேக்குள்ள..."

"கேட்கப்படாது எண்டுதானே சொன்னவர். நீங்களா எழுதுவீங்களோ எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்."

அவர் குரலில் கோபம் இல்லை. பாடமாக்கியது ஒன்றும் எனக்கு நினைவில் வரவில்லை. கொடியை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "வச்சிருங்க ரீச்சர். உங்களிட்டத் தந்ததுதானே," என்று சொல்லிவிட்டு மீனுக்குத் திரும்பிப் போனார். நான் கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

பழைய ஆணியிலேயே கொடியைத் தொங்கவிட்டேன். என் வீட்டுக்குப் பின்னால்தான் கோச்சி போகிறது. போகும்போது கதவு அதிரும். குச்சி இரண்டு மூன்று தடவை பலகையில் தட்டிவிட்டு நிற்கும்.