அவர்கள் எங்கள் ஊர் கோர்ட்டுக்கு வந்தார்கள்

என் மகளின் அசல் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியின் பீரோவில் இருந்தன. அந்தக் கல்லூரி இருக்கும் ஊருக்கு உத்திரமேரூரிலிருந்து நேர் பஸ் கிடையாது. சாயங்காலம் கிளம்பி, இரண்டு இடத்தில் மாறி, விடிந்தபிறகு போய் இறங்கவேண்டும். ஆவணியில் படிக்கப் போனவள் தீபாவளிக்கு வந்தபோது பெட்டி படுக்கையோடு வந்துவிட்டாள். அவள் சேர்ந்த படிப்புக்கு அங்கீகாரமே வரவில்லையாம். சான்றிதழைக் கேட்டதற்கு, மொத்தப் படிப்புக்கும் ஃபீஸ் கட்டினால்தான் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வருடம் அரசுக் கல்லூரிக் கவுன்சிலிங்குக்கு அவள் போகவேண்டும். அங்கே அசலைக் காட்டாவிட்டால் சீட்டு கிடையாது. எங்களுக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்கிவிடலாம் என்பது அதில் சுலபமானது. மகளிடம் சொன்னேன்.

"தொலையலியேம்மா. அவங்க பீரோவுல பத்திரமா கீது. நான் எதுக்குப் பொய் எழுதணும்?" என்றாள்.

என் கணவர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "பொய் எழுத மாட்டியா? சரி, கேஸ் போடு. அவன் ஊரு எங்க கீது, நம்ம ஊரு எங்க கீது. வாய்தாவுக்கு வாய்தா பஸ்ஸு ஏறிக்கினு கெட. நான் மாட்டப் பாக்கறேன்" என்றார்.

அவர் கேலியாகச் சொன்னாலும் அதில் நியாயம் இருந்தது. நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். மாதாமாதம் வெளியூர் கோர்ட்டுக்குப் போக லீவு கிடைக்காது. மகளைத் தனியே அனுப்ப மனம் வராது. அந்த ஊரில்தான் வழக்கு நடக்க வேண்டுமென்றால், வழக்கே இல்லை என்றுதான் அர்த்தம். கல்லூரிக்காரர்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உத்திரமேரூரில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் உண்டு. அவருடைய பேரன் எங்கள் மையத்தில் படித்தவன். மகளையும் கணவரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"டீச்சர், சர்ட்டிபிகேட்ட எங்க வெச்சிக் குடுத்தீங்க?"

"கோயில்ல சார்."

"எந்தக் கோயில்ல?"

"எங்க ஊரு அம்மன் கோயில்ல. கூழ் ஊத்தற அன்னிக்கி."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். "இது இன்னா வேலை? காலேஜ் அட்மிஷன கோயில்ல வெச்சா பண்ணீங்க?"

நடந்தது இதுதான். கல்லூரியில் சேர்க்கை முடியும் தேதி ஆடிக்குள் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆடியில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. விதை நெல்லைக்கூட ஆனியிலேயே எடுத்து வெளியே வைத்துவிடுவோம். பெண்ணின் படிப்புக் காகிதம் ஆடி மாதத்தில் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று என் கணவர் ஒரே பிடியாக நின்றார். கல்லூரிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜென்ட் போனில் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில், "நீங்க வர வேண்டாமுங்க, நானே அங்க வந்து வாங்கிக்கிறேன்" என்றார். அம்மன் சன்னிதியில் வைத்துக் கொடுத்தால் தொடங்கினதாக ஆகாது, அவள் கையில் ஒப்படைத்ததாக ஆகும் என்று என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை, தாம்பாளத்தில் வேப்பிலை போட்டு அதன்மேல் ஃபைலை வைத்துக் கொடுத்தோம். ஏஜென்ட் ஷூவைக் கழற்றிவிட்டு, சுடுகல்லில் கால் மாற்றி மாற்றி நின்று வாங்கிக்கொண்டார்.

வக்கீல் சிரித்தார். "ஆடி உங்கள காப்பாத்திச்சி டீச்சர். பிரதிவாதி குடியிருக்கிற ஊர்ல கேஸ் போடலாம். அவன் தொழில் நடத்தற ஊர்ல போடலாம். அப்பிடி இல்லன்னா, கேஸுக்குக் காரணமான விஷயம் எங்க நடந்துதோ அங்க போடலாம். அதுல ஒரு பகுதி நடந்திருந்தாலே போதும். கொடுத்தது நம்ம கோயில்ல. அப்ப அவனத் தேடிக்கினு நாம போக வேணாம். அவனத்தான் இங்க வர வெக்கணும்."

என் கணவர் திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே, "ஆடியில காயிதம் ஊர் எல்லைய தாண்டக்கூடாதுன்னு சொன்னது ஆரு?" என்று மட்டும் கேட்டார்.

கார்த்திகையில் மகள் வாதியாக வழக்குப் போட்டாள். எதிர்த்தரப்பை வரவழைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. முதல் சம்மன் வாங்க ஆளில்லை என்று திரும்பி வந்தது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், சம்மன் முறைப்படி சேர்ந்தால்தான் அவரைக் கேள்வி கேட்க முடியும் என்று வக்கீல் சொன்னார். இரண்டாவது முறை அந்த ஊர் கோர்ட் வழியாகவே அனுப்பி, கல்லூரி அலுவலகத்திலேயே கையெழுத்து வாங்கினார்கள். தை பிறந்ததும் அவர்களுடைய வக்கீல் வந்தார். வந்ததும் முதல் வேலையாக ஒரு மனு போட்டார். உத்திரமேரூர் கோர்ட்டுக்குத் தங்கள்மேல் அதிகாரம் இல்லை, பெற்றோர் கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் வந்து சான்றிதழைக் கொடுத்தார்கள், வழக்கைத் தங்கள் ஊரில்தான் போட வேண்டும் என்பது மனு. கல்லூரி விளக்கப் புத்தகத்திலும் அப்படி அச்சடித்திருக்கிறதாம். அந்தப் புத்தகத்தை நாங்கள் பார்த்ததும் இல்லை, அதில் கையெழுத்துப் போட்டதும் இல்லை.

மாசியில் விசாரணை. முதலில் நான் கூண்டில் ஏறினேன். அவர்களுடைய வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஆடி மாசத்துல புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டோம்னு சொல்றீங்க. அதே ஆடியில ஒரிஜினலைக் கொடுத்தோம்னும் சொல்றீங்க. இதுல எதும்மா உண்மை?"

"ரெண்டும் உண்மைதான் சார். ஆடியா இருந்ததாலதான் எங்க ஊர்லயே வெச்சிக் குடுத்தோம். வேற மாசமா இருந்திருந்தா உங்க ஊருக்கே வந்து குடுத்திருப்போம்."

நீதிபதி ஒரு பெண்மணி. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு, நான் சொன்னதை அப்படியே சொல்லித் தட்டச்சு செய்யச் சொன்னார். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். நான் பேசிய வாக்கியத்தை அரசாங்கமே எழுதிக்கொண்டது அன்றுதான். கூண்டிலிருந்து இறங்கும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

அடுத்து அவர்கள் தரப்பில் அந்த ஏஜென்ட் வந்தார். என் கணவரைக் கண்டதும் பழக்கத்தில் கும்பிட்டுவிட்டு, பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். அவர் பேரில் எழுதித் தாக்கல் செய்திருந்த வாக்குமூலத்தில், உத்திரமேரூர் பக்கமே வந்ததில்லை என்று இருந்தது. எங்கள் வக்கீல் அதை ஒருமுறை படித்துக் காட்டினார். பிறகு கேட்டார்.

"இவங்க ஊரு அம்மன் கோயில்ல கூழ் குடிச்சீங்களா, இல்லியா?"

ஏஜென்ட் நெற்றியைத் துடைத்தார். "குடிச்சேனுங்க" என்றார்.

அவர்களுடைய வக்கீல் எழுந்தார். நீதிபதி கையால் உட்காரச் சொன்னார்.

"எழுதிக் கொடுத்ததுல வரலன்னு இருக்கே?" என்றார் எங்கள் வக்கீல்.

"அது ஆபீஸ்ல டைப் பண்ணுனதுங்க. சாமி முன்னால வாங்கிக் குடிச்சத எப்படிங்க இல்லைன்னு சொல்றது?"

"சர்ட்டிபிகேட்டும் அங்கதான் வாங்கினீங்களா?"

"ஆமாங்க. கையில தரமாட்டேன்னுட்டாரு. தட்டுல வெச்சுத்தான் கொடுத்தாரு."

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். என் கணவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ரெண்டு சொம்பு குடிச்சாரு. கருவாட்டுக் கொழம்பு வேற கேட்டு வாங்கினாரு" என்றார். கோர்ட் டவாலி அவரை முறைத்தார்.

பங்குனியில் உத்தரவு வந்தது. சான்றிதழ்கள் கைமாறிய இடம் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருப்பதால் வழக்கு இங்கேயே நடக்கும் என்றார் நீதிபதி. ஒரு தரப்பு தானாக அச்சடித்து வைத்துக்கொண்டதை, கையெழுத்துப் போடாத மறுதரப்பின்மேல் சுமத்த முடியாது என்றும் சொன்னார். நான் வக்கீலிடம் கேட்டு அந்த உத்தரவின் நகலை வாங்கி, வீட்டில் இரண்டு முறை உரக்கப் படித்தேன். என் கணவர் மூன்றாவது முறை படிக்கச் சொன்னார்.

கல்லூரி அதற்குமேல் வழக்காடவில்லை. சித்திரையில் ஒரு நாள், அசல்களைக் கோர்ட்டிலேயே ஒப்படைப்பதாகச் சொல்லி, அலுவலகத்திலிருந்து ஒரு கிளார்க்கைக் காரில் அனுப்பினார்கள். அவர் ஃபைலை மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் இருக்குதுங்க, கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றார்.

மகள் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவள் பார்த்து முடிக்கும்வரை அடுத்த வழக்கைக் கூப்பிடவில்லை.

"டிசி இல்ல மேடம்" என்றாள்.

"அது கூரியர்ல அனுப்பிடறோம் மேடம்" என்றார் கிளார்க்.

"அது கைக்கு வர வரைக்கும் கேஸ் இங்கதான் இருக்கும். நீங்களும் திரும்ப வரணும்" என்றார் நீதிபதி. குரல் உயரவே இல்லை.

கிளார்க் வெளியே ஓடினார். காரில் தேடி, போனில் யாரிடமோ பேசி, மறுபடி தேடினார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். கறுப்புக் கோட்டுக்காரர்கள், பத்திரக் கட்டோடு வந்த கிழவர்கள், டவாலி, நீதிபதி, அத்தனை பேரும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தார்கள். அவள் மேசைக்கு முன்னால் நேராக நின்றாள். உட்காரச் சொன்னபோதும் "பரவால்ல மேடம்" என்றாள். பெற்றதற்கு வேறு என்ன வேண்டும் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். இப்போதும் அதையேதான் நினைக்கிறேன்.

டிசி கார் சீட்டுக்கு அடியில் வேறொரு கவரில் கிடைத்தது. மகள் அதையும் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் பேனாவைக் கேட்டாள். பெற்றுக்கொண்டேன் என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். இடம் என்று இருந்த வரியில், நிதானமாக, உத்திரமேரூர் என்று எழுதினாள்.